சுமைப்படை இராசையாவும் சுருட்டுத் தடையும்

இராசையாவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. முப்பது வயதுக்குள் நமுனுகுலப் பக்கத்தில் மூன்று தேயிலைத் தோட்டங்கள் மாறிவிட்டான். எங்கே போனாலும் விடியுமுன் கொம்பு ஊதும். பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும். கங்காணியின் பிரம்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட வேண்டும். ஐரோப்பிய யுத்தத்தின் மூன்றாம் வருஷம், மெசப்பொத்தேமியாவுக்குக் கப்பலேற்ற, பட்டாளத்துச் சாமான் தூக்கும் சுமைப்படைக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டான். மனைவி பெரியாயி அழுதாள்.

"கங்காணி இல்லாத ஊரு ஒண்ணு இருக்கான்னு பாத்துட்டு வாறேன் புள்ள" என்றான்.

அவனுக்கு வேறு ஆசை இல்லை. எப்படியாவது கப்பல் ஏறிவிட வேண்டும்.

முகாம் பண்டாரவளைக்கு மேலே, மானாப்புல் மூடிய மேட்டில் இருந்தது. அங்கேயும் கொம்பு ஊதியது. ஆனால் காக்கி உடுப்பு கொடுத்தார்கள்; பிரம்பு இல்லை. முதல் வாரமே கப்டன் துரை ஓர் உத்தரவு போட்டார்: சுமைப்படையில் எவனும் சுருட்டு குடிக்கக் கூடாது, குடித்தவன் கப்பல் ஏற மாட்டான். பதுளையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் வாஹித், அதற்குக் காரணமும் சொன்னார். புகை நெஞ்சைக் கெடுக்கும்; நெஞ்சு கெட்டவனால் சுமையோடு மேடு ஏற முடியாது.

காரணம் நியாயமானதே. மனிதனின் உடம்பை வாங்கி வேலை கொள்ளும் படை, அந்த உடம்பைக் காக்கவும் கடமைப்பட்டது. ஆனால் அதே வாரம் முகாமிலிருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெட்டி பெட்டியாகச் சிகரெட் வந்து இறங்கியது, இனாமாக. அந்தப் பெட்டிகளை மேட்டில் சுமந்து ஏற்றியவர்கள் சுமைப்படையினர். வெள்ளை நெஞ்சு இரும்பில் வார்த்ததா? மருத்துவம் தோலின் நிறம் பார்த்தா பலிக்கிறது? கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

இராசையாவும் அப்போது கேட்கவில்லை. தன் சுருட்டுக் கட்டைக் கக்கூஸ் குழியில் எறிந்தான். அன்று தொடங்கிய தவிப்பு அவனை விடவில்லை. கை சட்டைப்பையைத் தடவும். அங்கே ஒன்றும் இராது. படுத்தால் கால் ஆடும். எழுந்து நடப்பான், உட்காருவான், மறுபடி எழுவான். புல்லைக் கடித்துத் துப்புவான். சிப்பாய்கள் பக்கமிருந்து காற்று வீசினால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்பான். ஆனாலும் குடிக்கவில்லை. மேடு ஏறும்போது இளைப்பு குறைந்திருந்தது அவனுக்கே தெரிந்தது.

கப்பலுக்குப் புறப்படும் நாள் நெருங்கியது. கடல் தாண்டுமுன் முனியாண்டிக்குப் பூசை போட வேண்டும் என்றான் படைத் தலையாள் கணபதி. கப்டன் தடை சொல்லவில்லை. இராசையா தோட்டத்துச் சாமியாடி. முனி அவன்மேல் இறங்கும். இறங்கினால் சுருட்டு கேட்கும். குடித்துவிட்டு வாக்குச் சொல்லும். இது காலகாலமாக நடப்பது என்பதால், அந்தச் சுருட்டைப் பற்றிக் கப்டனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மரத்தடியில் தப்பு முழங்கியது. பற்றவைத்த சுருட்டைக் கணபதி நீட்டினான். இராசையா வாங்கி ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தபோது வெள்ளைச் சார்ஜன்ட் வந்து நின்றான்.

மறுநாள் காலை விசாரணை. கணபதி முந்திக்கொண்டான்.

"இவன் குடிக்கலீங்க தொரை. முனி குடிச்சுச்சு. ஒடம்பு மட்டுந்தான் இவனோடது."

வாஹித் மொழிபெயர்த்ததும் கப்டன் சிரித்தார். சாமிக்குத் தடை இல்லை. சாமி வந்தது என்று இவன் வாயால் சொல்லட்டும், விட்டுவிடுகிறேன் என்றார்.

ஒரு சொல் போதும், கப்பல் நிச்சயம். இராசையா பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். அடுத்த பூசையில் தங்கள்மேலும் முனி இறங்கும் என்ற நம்பிக்கை பல முகங்களில் தெரிந்தது. இந்தப் பொய்யால் தப்பினால், அதைக் காப்பாற்றத் தானும் தினமும் சாமியாட வேண்டியிருக்கும் என்று அவனுக்குப் பட்டது.

"முனி வரலீங்க."

"டேய், வாய மூடுறா" என்றான் கணபதி.

"வரலண்ணே. மத்த நேரம் வந்துச்சா வரலையான்னு எனக்குத் தெரியாது. நேத்து வரல. சுருட்டு வாசம் வந்துச்சு, இழுத்தேன். அவ்வளவுதான்."

கப்டனுக்கு அந்த நேர்மை பிடித்துவிட்டது. கக்கூஸ் கழுவட்டும், பிறகு கப்பல் ஏறட்டும் என்றார். புகை நெஞ்சைக் கெடுக்கும் என்று மறுபடி புத்தி சொல்லும்படி வாஹித்திடம் சொல்லிவிட்டு, தன் குழாயில் புகையிலையை அடைத்துப் பற்றவைத்தார்.

இராசையா அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய், தொரை நெஞ்சுக்கு ஒண்ணும் ஆவாதாங்களா?"

"ஏம்ப்பா, இதையும் நான் சொல்லணுமா? பேசாமக் கழுவிட்டுக் கப்பல் ஏறு."

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் பாய். கேளுங்க."

வாஹித் கேட்டார். கப்டனின் முகம் சிவந்தது. அந்த நாழிகையே இராசையாவின் காக்கி உடுப்பைக் கழற்றச் சொன்னார்கள். சுருட்டு குடித்ததை மன்னித்த படை, கேள்வி கேட்டதை மன்னிக்கவில்லை. புகையைவிடக் கேள்விக்கு அஞ்சும் அதிகாரம் எந்த உடம்பைக் காக்கப் போகிறது?

"சாமியவும் காட்டிக் குடுத்துட்ட, சோத்தையும் கெடுத்துக்கிட்ட" என்று கணபதி முகத்தைத் திருப்பிக்கொண்டான். படை அவனில்லாமல் கப்பலேறியது.

தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியவனைப் பெரியாயி ஒரு தரம் தடவிப் பார்த்தாள், முழுசாக இருக்கிறானா என்று. பிறகுதான் ஏச்சு தொடங்கியது. அடுத்த திருவிழாவில் வேறொருவன்மேல் முனி இறங்கியது. இராசையா தள்ளி நின்று வேடிக்கை பார்த்தான். கவ்வாத்துக் காட்டில் ஒரு நிரை முடிப்பதற்குள் நாலு தரம் நிமிர்ந்து ரோட்டைப் பார்ப்பான். சுருட்டை மட்டும் மறுபடி தொடவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு, தெமோதரையில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அன்று மாலையே கம்பளியை மடித்தான்.

"அங்கயும் ஒரு தொரை இருப்பான்" என்றாள் பெரியாயி.

"இருக்கட்டும்."

"அவங்கிட்டயும் எதையாச்சும் கேட்டு வைப்பியா?"

"கேக்கத் தோணுனா கேப்பேன்."

அவள் பெருமூச்சுவிட்டு, இருந்த இரண்டு சட்டிகளில் நல்லதைத் துணியில் கட்டத் தொடங்கினாள்.

"அப்ப நானும் வாறேன். வெரட்டுனா சேந்தே வருவோம்."