எஸ்.ஐ. சட்டை

புதுக் காக்கித் துணியின் கஞ்சி வாசம் எங்கே அடித்தாலும், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த "லைன் ஊட்டு" வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் போட்ட ஆட்டம்தான் நினைவுக்கு வருகிறது. சிக்குன்குனியா பரவிய வருடம் அது. நகராட்சியில் கொசு மருந்து அடிப்பவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த அப்பா, துப்புரவு ஆய்வாளராகப் பதவி உயர்ந்திருந்தார். அலுவலகத்தில் அதைச் சுருக்கி "எஸ்.ஐ." என்பார்கள். திங்கட்கிழமை காலை நகர்நல அலுவலர் முன்னால் சீருடையில் போய் நிற்க வேண்டும். துணியோ சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வந்தது.

எங்கள் தெருவில் தையல் தெரியாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆனால் முழுச் சட்டை தைக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. பனியன் கம்பெனியில் கை தைப்பவர் கையை மட்டும்தான் தைப்பார், காலர் வைப்பவர் காலரோடு சரி. ஆகவே அப்பாவின் சட்டை ஒரு வீட்டில் வெட்டுப்பட்டு, அடுத்த வீட்டில் கை முளைத்து, எதிர் வீட்டில் காலர் பெற்று வளர்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஓடிய எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசியாகப் பொத்தான் கட்ட, எம்பிராய்டரி கம்பெனியில் வேலை பார்த்த தென்காசிப் பக்கத்து முத்துக்கனி அக்காவிடம் கொடுத்தேன்.

"எஸ்.ஐ.ன்னா ரெண்டு ஸ்டார்லா இருக்கணும்? வெறுந்தோளோடயா உங்கப்பாவ அனுப்புவிய?" என்றவள், தோளுக்கு இரண்டாக வெள்ளி நூலில் நட்சத்திரமும் போட்டே கொடுத்தாள். தெருவே கைதட்டியது.

காலையில் சட்டையை விரித்த அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "கண்ணு, இது போலீஸ் எஸ்.ஐ. போடறது. இதோட போய் நின்னா வந்த வேலையும் போயிருமே!" அம்மா பிளேடால் அவசர அவசரமாகப் பிரித்தாள். நூல் வந்துவிட்டது, ஊசித் துளைகள் நட்சத்திர வடிவிலேயே நின்றன. நான் ஓவென்று அழுதேன். வேறு வழியில்லாமல் அப்பா அதையே மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார். அலுவலர் தோளை உற்றுப் பார்த்து, "இதென்னங்க ஓட்டை?" என்று கேட்டாராம். "எங்க வீதிக்காரங்க குடுத்த புரமோசனுங்க சார்" என்றாராம் அப்பா. அவரும் சிரித்துவிட்டாராம். அன்றைக்கு எங்கள் தெருவுக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

அந்த லைன் வீடுகளை இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள். தைத்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அப்பா பிறகு சுகாதார அலுவலராகவும் உயர்ந்தார். அந்தச் சீருடை கடையில் அளவெடுத்துத் தைத்து, மடிப்புக் கலையாமல் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பை விட்டு இறங்கியபோது, காரில் உட்கார்ந்திருந்த கீழ்வீட்டுக்காரர் காக்கியைப் பார்த்துவிட்டு, "வாட்ச்மேன், கேட்டைத் தொறங்க" என்றார்.

அப்பா திறந்துவிட்டார்.