கை நனைக்காமல் போனவர்கள்

எனக்கு ஆங்கிலம் வரும் என்பதைப் பன்னிரண்டு வயதில் ஊருக்கே தெரியப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் தண்டவாளம் பராமரிக்கும் வேலை. எங்கள் குடும்பத்தில் செங்கல்பட்டு உயர்நிலைப் பள்ளிக்கு ரயிலேறிய முதல் ஆள் நான். அங்கே ஆங்கில வாத்தியார் ஒருநாள், 'செட்' என்கிற சின்னச் சொல்லுக்கு அகராதியில் பக்கம் பக்கமாகப் பொருள் இருப்பதைக் காட்டினார். சூரியன் மறைவதும் செட், முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பதும் செட், எலிக்குப் பொறி வைப்பதும் செட். முடிந்தவரை மனப்பாடம் செய்தேன். அறிவுக்காக அல்ல, யாரையாவது மடக்கலாம் என்பதற்காக.

அந்த மாதமே அக்காவைப் பெண் பார்க்கச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை வயல்களில் பம்புசெட் பழுதுபார்ப்பவர். செய்யூரில் அத்தை வீட்டுக்கு நடவுக்குப் போனபோது அக்கா அவரைப் பார்த்திருக்கிறாள். அதற்கு முன் வந்த வரன்களையெல்லாம் அழுது தட்டிக்கழித்தவள், இவர் பேச்சு வந்ததும் அழவில்லை.

எங்களில் சம்பந்தம் உறுதியாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது. அன்று அவர்கள் சாப்பிட்டுவிட்டால் முடிந்தது. காலையில் அக்கா என் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டபடி, "இன்னிக்கு ஒரு நாளு ஒயுங்கா இருடா. அவுங்க சாப்ட்டுப் போற வரிக்கும்" என்றாள்.

இலை போட்டாயிற்று. மாப்பிள்ளையின் நகக்கண்களில் கிரீஸ் கறுத்திருந்தது. இவரை என் மாமா என்று பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா பெருமை தாங்காமல், "எம் பையன் இங்கிலீஷ்ல பிச்சி ஒதறுவான், ஏதாவது கேட்டுப் பாருங்க மாப்ளே" என்றார்.

"நானே கேக்கறேன். செட்டுன்னா இன்னா அர்த்தம் மாமா? எல்லாத்தையும் சொல்லணும்."

மாப்பிள்ளையைச் சீண்டுவது மச்சானின் உரிமை. அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "பம்பு செட்டு, ரேடியோ செட்டு. சீட்டாட்டத்துல செட்டு சேர்றது. போதுமா மச்சான்?"

"அதெல்லாம் ஒண்ணுதான். அப்பறம்?"

"எங்கூரு டீக்கடையாண்ட ஒரு செட்டு கீது, வேலவெட்டி இல்லாம." எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. "அதுவும் அதேதான். அப்பறம்?"

அவர் இலையைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, மீதியை ஆங்கிலத்திலேயே ஒப்பித்தேன். முடித்துவிட்டு, "எத்தினியாவது வரிக்கும் படிச்சீங்க மாமா?" என்றேன்.

"மூணாவது."

அப்பா சிரித்துவிட்டார். மகனை நினைத்துச் சிரித்த சிரிப்புதான். ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். "கெளம்புப்பா. இம்மாம் படிச்ச வூட்ல ஒக்காந்து துன்ன நமக்குத் தகுதி இல்ல."

"கொயந்த பெரிப்பா, வுடு" என்றார் மாப்பிள்ளை.

"கொயந்த சொல்லிச்சு, செரி. பெரியவரு சிரிச்சாரே."

அப்பா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவர்கள் நிற்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் செருப்பை மாட்டும்போது உள்கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

சின்னப் பையன் விளையாட்டாகக் கேட்டான் என்று அம்மா ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது விளையாட்டல்ல. அவரால் சொல்ல முடியாது என்று தெரிந்துதான் கேட்டேன். அந்த ஆள் எங்களுக்கு வேண்டாம் என்றுதான் கேட்டேன். அக்கா பிறகு வேறெங்கோ வாழ்க்கைப்பட்டு, சுகமென்று சொல்ல ஏதுமில்லாமல் இருந்து, போய்ச் சேர்ந்தாள். அவளிடம் இதை நான் சொல்லவில்லை.

அன்று அவர்கள் தெருமுனை தாண்டியதும் எனக்குப் பசித்தது. மாப்பிள்ளைக்குப் போட்ட இலையிலேயே உட்கார்ந்தேன். அக்காதான் பரிமாறினாள். சோறும் குழம்பும் வடையும் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுக்கு என்மேல் கோபமில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டேன்.