நீட்டிய நாக்கும் கறுத்த சாயத்தண்ணியும்

என்னைப் போல ஒரு மண்டு பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டப் பக்கம் இன்னொன்று பிறந்திருக்க வாய்ப்பில்லை. அந்த மண்டுத்தனத்துக்கு அப்போது நான் வைத்திருந்த பெயர் விஞ்ஞானம். தரம் பத்தில் அமிலம், மூலம், உப்பு என்று வகை பிரிக்கப் படித்த புதிது. எங்கள் லயத்து வரிசையில் யார் வீட்டுக் குசினியில் என்ன இருந்தாலும், அது எந்த வகை என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று பள்ளி விடுமுறை. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தார். அவருடைய போன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது. சின்னத் தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், டிவியில் கிரிக்கெட்டை. திரும்பினால், அடுப்படியில் இருந்த ஜாம் போத்தலுக்குள் விரலை விட்டு நக்கிக்கொண்டிருக்கிறாள். உள்ளே கட்டி கட்டியாக ஏதோ வெள்ளைத் தூள். அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, நாக்கு எரியுது."

"நாக்க உள்ள இழுக்காத, செத்துருவ" என்று ஆறுதல் சொன்னேன். அவள் நாக்கை நீட்டியபடியே அழத் தொடங்கினாள்.

எந்த வகை என்று தெரிந்தால் எதிர் வகையைக் கொடுத்து முறித்துவிடலாம் என்பது என் திட்டம். வகையை நிறத்தில் காட்டும் பாசிச்சாயத் தாள் பள்ளிக்கூட அலுமாரியில் இருந்தது. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் சாயத்துக்கா பஞ்சம்? தேசிக்காய் பிழிந்தால் சாயத்தண்ணி வெளுக்கும், அப்பச்சோடா போட்டால் கறுக்கும், உப்புக்கு அசையாது என்று வகுப்பில் பார்த்திருந்தேன். காலையில் குடித்து மிஞ்சியிருந்த, பால் விடாத சாயத்தண்ணியில் ஒரு கரண்டித் தூளைப் போட்டேன். கறுத்தது. மூலம்! தேசிக்காயை வெட்டிக்கொண்டு ஓடினேன்.

"வேணாண்ணே, உப்பு கரிக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நாக்கை நீட்டினாள்.

உப்பென்றால் ஏன் கறுத்தது? மூலமென்றால் ஏன் கரிக்கிறது? என் புத்தகத்தில் இப்படியொரு சாமானே இல்லை. தேசிக்காயைக் கொடுத்தால் செத்துவிடுவாளோ, கொடுக்காவிட்டால் செத்துவிடுவாளோ? அவள் உதடு இப்போதுதான் வெளுத்ததா, குளிருக்கு எப்போதுமே அப்படித்தானா என்றுகூட ஞாபகம் வரவில்லை. லயத்தில் கூப்பிட ஓர் ஆளில்லை. அவளையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுச் சாப்பிட வந்த அம்மா படியிலேயே எதிர்ப்பட்டார்.

நான் உளறி முடிப்பதற்குள் அவள் வாயையும் போத்தலையும் பார்த்துவிட்டார்.

"நாக்க உள்ள போடுடி, ஒண்ணும் ஆகாது. உப்பும் வெத்தலச் சுண்ணாம்பும்தான். வாயக் கொப்புளிச்சிட்டு தேங்காப்பூவ மெல்லு. ஏன்டா, தேசிக்காய எதுக்குடா தூக்கிக்கிட்டு நிக்கிற?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது. இரண்டு வகையைக் கலந்து வைத்து ஒரு விஞ்ஞானியை இப்படி ஏமாற்றலாமா?

அது மழைக்காலம். அம்மாவை ஓடைப் பக்கத்து மலைக்கு மாற்றியிருந்தார்கள். மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்கை அவிழ்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தவரின் கெண்டைக்காலில் ரத்தம் கோடு கோடாக வழிந்திருந்தது. கண்ணில் பட்டது, அவ்வளவுதான். என் மனசு முழுக்கப் போத்தலுக்குள் கிடந்தது.

"ரெண்டையும் ஏம்மா ஒண்ணாக் கலந்தீங்க?"

"கால்ல பூசத்தான். அட்டைக் கடிக்குடா."