பழசு எங்கே?

“பழசு எங்க தம்பி?”

புது பிரேக் பேடுப் பெட்டியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டுகிறார் கவுன்ட்டர் அக்கா. தேய்ந்த பேட் அந்தக் கையில் விழும்வரை பெட்டி நகராது. வாகன உதிரிபாகக் கடையில் இருபத்திரண்டு வருடமாக இதே சட்டம்.

பழசு வந்ததும் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் வெர்னியர் அளவுகோலை எடுப்பார். பேடின் நான்கு மூலையையும் அளந்து, எண்களைச் சாக்கட்டியால் அதன் முதுகிலேயே எழுதுவார். “வண்டிக்காரன் மறப்பான், மெக்கானிக் மழுப்புவான். பேடு மட்டும் உள்ளதச் சொல்லும்.”

அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வேலைக்கு பஸ்ஸில்தான் வருவார். பஸ் பிரேக் போட்டால் மற்றவர்கள் கம்பியைப் பிடிப்பார்கள். அக்கா எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று பார்ப்பார். இறங்கும்போது டிரைவரிடம், “இடது முன்சக்கரத்தப் பாக்கச் சொல்லுங்க” என்பார். அதனால் மெக்கானிக்குகள் வைத்த பட்டப்பெயர், டாக்டரம்மா.

போன மாதம் ஒரு பள்ளி வேன் டிரைவர் வந்தார். வேனுக்கு வயது பதினெட்டு. ஆறு மாதத்தில் மூன்றாவது தடவையாக இடது பேட் தீர்ந்துவிட்டது. பிரேக் போட்டால் வேன் இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால்தான் நேரே நிற்கும். மறுநாள் மாலை தகுதிச் சோதனை. ஏற்கெனவே ஒருமுறை தோற்றாயிற்று. இம்முறையும் தோற்றால் வேன் பழைய இரும்புக்குத்தான் போகும்.

அக்கா அளந்தார். மேல்முனை இரண்டு மில்லி, கீழ்முனை ஏழு.

“காலிப்பர் பின் மாட்டிக்குது. யார் வேல பாத்தது?”

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். “எங்க மச்சான், அக்கா. பொண்டாட்டியோட அண்ணன். அவர் கையில குறைன்னு சொன்னா எனக்கு வீட்ல சோறு கெடையாது.”

“நீ சொல்லாத. பேடு சொல்லட்டும். அவரக் கூட்டிட்டு வா.”

மறுநாள் காலை மச்சானே கடைவாசலில் ஜாக்கி போட்டார். பேடை அழுத்தும் காலிப்பர், இரண்டு பின்களின் மேல்தான் வழுக்கி நகர வேண்டும். அவர் மேல் பின்னை ஒரே விரலால் இழுத்துக் காட்டினார்.

“வெண்ணெய் மாதிரி ஓடுது. பேடு வாங்க வந்தா ஜாதகம் பாக்குறீங்களே, டாக்டரம்மா!”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

“ஆறின வண்டியில பின் ஓடத்தான் செய்யும். மாட்டுங்க. அடிக்கடி பிரேக் போட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. சூட்டோட கழட்டணும்.”

வேன் கருகல் வாடையோடு திரும்பி வந்தது. மச்சான் கையுறை போட்டுக்கொண்டு அதே பின்னை இழுத்தார். அசையவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். கடைசியில் சுத்தியலால் தட்டியதும்தான் வெளியே வந்தது. அதன் நுனியில் ஒரு ரப்பர் உறை, சூட்டில் உப்பிப்போய் இருந்தது.

“இப்ப வலது பக்கம் கழட்டுங்க.”

அங்கே மேல் பின்னில் ரப்பரே இல்லை. ரப்பர் போட்ட பின் கீழே இருந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மச்சான் இரண்டு பின்களையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆறு மாசம் முன்னாடி இடது பக்கத்துப் பின் ரெண்டையும் கழுவி ஒரே துணியில வெச்சேன். கைக்கு வந்தத எடுத்து, கீழ போட வேண்டியத மேல மாட்டிட்டேன் போல.”

“பாருங்க, சுத்தம் பண்ணதுல வந்த வினை! அழுக்கோட விட்டிருந்தா மாறியே இருக்காது” என்றார் அக்கா.

முதலில் சிரித்தவர் மச்சான்தான்.

டிரைவர் மட்டும் தலையைச் சொறிந்தார். “வீட்ல என்னன்னு சொல்றது மச்சான்?”

“தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கிறேன் மாப்ள. நீ சோத்துக்குக் கவலப்படாத!”

புது ரப்பர், புது பேட், பின்கள் அவற்றின் இடத்தில். மதியத்துக்குள் வேலை முடிந்து டிரைவர் சோதனைக்குக் கிளம்பினார். மச்சான் போகவில்லை. கவுன்ட்டர் ஓரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரே பேடை மூன்றாவது முறையாக அளந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் தெருமுனையில் வேன் திரும்பியது. ஹாரன் விடாமல் அலறியது. தெருவில் வேறு வண்டி இல்லை. கடைக்கு இருபது அடி முன்னால் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு பிரேக்கை மிதித்தார். நூல் பிடித்தாற்போல் நேரே வந்து கடைவாசலில் நின்றது வேன்.

கவுன்ட்டருக்குப் பின்னால் அக்காவும் இரண்டு கைகளையும் தூக்கினார். ஒன்றில் வெர்னியர், ஒன்றில் சாக்கட்டி.