நான் கற்றுக்கொடுத்த தமிழ்

கோயம்புத்தூருக்கு வந்த முதல் வாரம், விடுதிக்கு எதிரேயிருந்த மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்து "ஏனுங்க" என்றார். "ஒண்டுமில்லை, சும்மாதான் பாக்கிறன்" என்று பதறிப்போய்ச் சொன்னேன். அவர் விழித்தார். ஏனுங்க என்றால் இங்கே கூப்பிடுவது, காரணம் கேட்பதல்ல. தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு மொழிப் பிரச்சினை இருக்காது என்று கடலுக்கு அந்தப் பக்கம், எங்கள் பருத்தித்துறையில் எல்லோரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் நம்பித்தான் வந்தேன். ஆனால் வாயைத் திறந்தால் "கேரளாவுங்களா?" என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், இந்த ஊரில் கேலியைக்கூட 'ங்க' போட்டுத்தான் செய்வார்கள். இருந்தாலும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. நாளடைவில் கடையில் விரலால் சுட்டிக்காட்டி வாங்கப் பழகினேன்.

இரண்டாம் ஆண்டில், வெளிநாட்டு மாணவர்களின் வாழ்வை மேம்படுத்தும் திட்டங்களுக்கு நிதி தருவதாக எங்கள் பல்கலைக்கழகம் அறிவித்தது. என் அறைத்தோழி மார்த்தா எத்தியோப்பியாக்காரி, மண்ணியல் படிப்பவள். "நீ எங்களுக்குத் தமிழ் சொல்லித்தா, அதற்குக் கேட்போம்" என்றாள். கேட்டோம், கிடைத்தது. ஒரு வெள்ளைப் பலகை, ஒலிப்பதிவுக் கருவி, சனிக்கிழமைகளில் தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் செலவு. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் என் முன்னால் உட்கார்ந்து, நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். கெதியா என்றால் சீக்கிரம், வடிவா என்றால் அழகாக, பேந்து என்றால் பிறகு, கதைக்கிறது என்றால் பேசுவது. கடைத்தெருவில் ஒளித்துவைத்திருந்த என் பேச்சை அந்த அறையில்தான் வாய் நிறையப் பேசினேன். இவர்களுக்குப் பயன்படுமா என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. ஒரு விதியும் வைத்தேன்: எந்தச் சிக்கல் வந்தாலும் எனக்கு உடனே போன் செய்யக்கூடாது, முதலில் தமிழில் பேசிப் பார்க்கவேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை தென்னை ஆராய்ச்சிக்காக உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டங்களுக்குப் போயிருந்தேன். மாலையில் திரும்பியபோது மார்த்தா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். தொட்டால் அனலாகக் கொதித்தது. பக்கத்தில் ஆறிப்போன பால். "காலையிலேயே அம்மாவிடம் சொன்னேன். டாக்டர் வருவார் என்று காத்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் முனகினாள்.

அம்மா என்றது எங்கள் வார்டனை. அவிநாசிக்காரர், பிள்ளைகள் மேல் உயிரை விடுபவர். அவரையும் ஏற்றிக்கொண்டு கல்லூரி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குடல்வால் வெடித்துவிட்டது, உடனே அறுவை செய்யவேண்டும் என்றார் மருத்துவர். "பகலெல்லாம் என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?" என்று அவர் கேட்டது எங்கள் இருவரையும் பார்த்து.

வார்டன் அம்மா அழத் தொடங்கினார். "வவுறு வலின்னு ஒரு வார்த்த சொல்லலீங்களே. எனக்கு வருத்தம், சரியான வருத்தம்னுதானுங்க சொன்னாங்க. கண்ணுல தண்ணி வேற. ஊரு நெனப்பாட்டம் இருக்குதுன்னு பாலக் காச்சிக் குடுத்து, செரியாப் போயிரும் கண்ணு, வருத்தப்படாதேன்னு சொல்லிப்போட்டு வந்தனுங்க."

பருத்தித்துறை ஆஸ்பத்திரி வரிசையில் காய்ச்சலோடு என் அம்மாவின் கையைப் பிடித்து நின்ற நாட்களில், முறை வந்ததும் உள்ளேயிருந்து வரும் முதல் கேள்வி, "என்ன வருத்தம்?" என்பதுதான். எங்களுக்கு வருத்தமென்றால் நோய். கெதியாவும் பேந்தும் எங்கள் ஊர்ச்சொற்கள் என்று எனக்குத் தெரியும். வீம்புக்காகத்தான் அவற்றைச் சொல்லிக்கொடுத்தேன். வருத்தம் அப்படியில்லை. அதற்கு வேறொரு பொருள் இருக்கக்கூடும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

"அம்மா, எங்கட ஊரில வருத்தம் எண்டா நோய். நான்தான் அப்பிடிச் சொல்லிக்குடுத்தனான்" என்றேன். அவர் என்னைக் கோபித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "அப்படிங்களா" என்றவர், "என்ன சொன்னா என்னுங்க, நெத்தியத் தொட்டுப் பாத்திருக்கோணும் நானு" என்றார். என் பங்கையும் அவரே எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. தலை நிமிர முடியவில்லை.

மார்த்தா பிழைத்தாள். காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பழி சொல்லவில்லை. "சரி, இங்கே எப்படிச் சொல்வார்கள்?" என்றுதான் கேட்டாள். "உடம்பு சரியில்லைங்க" என்றேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திட்டம் எப்படி நடந்தது என்று கேட்கக் கூட்டம் வைத்தார்கள். பொறுப்புப் பேராசிரியர் மகிழ்ச்சியாக இருந்தார். "ஆபத்து நேரத்துல அந்தப் பொண்ணு தமிழ்லயே உதவி கேட்டிருக்குதுங்க. இதவிட என்ன வேணும்?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மௌனமாக இருந்திருந்தால் அடுத்த ஆண்டும் நிதி கேள்வியில்லாமல் வந்திருக்கும். எழுந்து, உண்மையில் நடந்ததைச் சொன்னேன். எந்தத் தமிழில் சொல்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. "வார்டன் அம்மாவையும் வகுப்புக்கு வரச் சொல்லலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். சம்மதித்தார்கள். இப்போது சனிக்கிழமைகளில் அவர் ஒரு சொல் சொல்கிறார்; அதற்கு எங்கள் ஊர்ச் சொல்லை, கேட்டால் மட்டும் நான் சொல்கிறேன்.

போன வாரம் மார்த்தாவும் நானும் பஸ்ஸில் போனோம். "காந்திபுரம் ரெண்டு தாங்கோ. கெதியாப் போயிருமுங்களா?" என்று அவளே டிக்கெட் கேட்டாள். நடத்துநர் சிரித்துவிட்டார். "இதெந்த ஊருத் தமிழுங்க?"

"இவங்கட ஊருங்க" என்று மார்த்தா என்னைக் காட்டினாள். அவள் முகத்தில் கூச்சமே இல்லை.

"அம்மணிக்கு எந்த ஊருங்க?"

"பருத்தித்துறைங்க." அந்தப் பெயரோடு 'ங்க' ஒட்டிக்கொண்டதைக் கேட்டு என் காது சுட்டது.

"அதெங்கீங்க, தாராபுரம் பக்கமா?"

கடல் தாண்டி என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் தள்ளிங்க" என்றேன். அவர் தலையாட்டி மீதிச் சில்லறையைத் தந்துவிட்டு அடுத்தவரிடம் போனார். மார்த்தா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.