ரெண்டு மாசத்துக்கு வந்தவள்

முருகேஷ் அவளை எங்கள் தெருவுக்குக் கூட்டிவந்தது பங்குனி மாதம். ஏரியூர் பஸ்ஸை விட்டிறங்கி, இழுக்கிற பெட்டி ஒன்றும் பிளாஸ்டிக் வாளி ஒன்றுமாக இருவரும் நடந்து வந்தார்கள். முழுக்கைச் சட்டையும் ஜீன்ஸும் போட்டு, தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். முகம் வெந்து சிவந்திருந்தது. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. "சைனாக்காரியா?" என்று யாரோ கேட்க, முருகேஷுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நேபாளம்க்கா. என் பொண்டாட்டி" என்றான் என்னிடம்.

"பேரு?"

"பபித்ரா."

"பவித்ராவா? நம்ம பேராத்தான் இருக்குது."

அதற்குள் அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் பவித்ராதான்.

முருகேஷ் பெங்களூரில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் தண்ணீர் இறக்கப் போகும் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவள் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்திருக்கிறாள். அங்கேயே ஒரு முருகன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஊருக்கு வரும் எண்ணமே இருவருக்கும் இல்லை. அந்த வருடம் முருகேஷின் அப்பா சென்னப்பன், புளி உலுக்கப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி நடக்க வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முருகேஷின் அம்மா இறந்து வருடக்கணக்காகிறது. அக்கா செல்லியை அதியமான்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஹைவே ஓரத்து டீக்கடையை விட்டு அவளால் நகர முடியாது. ஆகவே மகனும் மருமகளும் வந்தார்கள்.

"ரெண்டு மாசம்க்கா" என்றான் முருகேஷ். "அப்பா எழுந்து உக்காந்துட்டா கெளம்பிருவோம்."

அவர் உட்கார மாட்டார் என்பது தெருவுக்கே தெரியும். அவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். அவளுக்குத்தான் தெரியாது.

சித்திரை வெயில் அவளைப் புரட்டிப் போட்டுவிட்டது. சென்னப்பன் வீடு சிமெண்ட் சீட்டு போட்டது. காலைப் பத்து மணிக்கே உள்ளே இருக்க முடியாது. அவள் தரையில் தண்ணீரைத் தெளித்துவிட்டு அதன்மேல் படுத்துக் கிடப்பாள். கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வெடித்து, துணி பட்டாலே துடிப்பாள். ஒருநாள் மூக்கிலிருந்து ரத்தம் வழிய என் வீட்டுக்கு ஓடிவந்தாள். நான் தையல் மிஷினை விட்டு எழுந்து, ஈரத்துணியைத் தலையில் வைத்து உட்காரவைத்தேன். பயத்தில் என் கையை விடவே இல்லை. அவள் பிறந்த மலையில் ஆனி ஆடியிலும் கம்பளி வேண்டுமாம். இதெல்லாம் அவளுக்குத் தமிழ் வந்தபிறகு சொன்னது.

ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் நான்கைந்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். அவளோ ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தாள். கட்டிலில் கிடந்தபடியே சென்னப்பன் கத்துவார்.

"தண்ணி என்ன உங்கப்பன் வூட்டு ஆறா?"

பின்னாளில் அதைச் சொல்லிச் சிரித்தாள். "எங்கப்பா வூட்டுக்குப் பின்னால நெஜமாவே ஆறுதான்க்கா ஓடுது."

பகலெல்லாம் அவள் காதில் விழுந்தது மாமனாரின் குரல் ஒன்றுதான். முருகேஷ் அவளிடம் இந்தியில் பேசுவான். தெருவில் யாரும் அவளிடம் அதிகம் பேசமாட்டார்கள். ஆகவே அவளுக்கு முதலில் வந்த தமிழெல்லாம் வசவுதான். சொம்பு வேண்டுமென்றால் "ஏ சனியனே", விசிறி வேண்டுமென்றால் "சனியனே, இங்க வா" என்று அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஆளைக் கூப்பிடும் மரியாதைச் சொல் அது என்றே அவள் நினைத்துவிட்டாள். ஒரு காலையில் குடத்தோடு என் வாசலில் நின்று, பளிச்சென்று சிரித்துக்கொண்டு, "சனியனே, தண்ணி வந்திச்சா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தை முருகேஷ் எடுத்துச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிப்போனது. அது வசவு என்று தெரிந்ததற்காக அல்ல. இத்தனை நாளும் அவர் தன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

அவளுக்குக் கைவந்த ஒரே காரியம் களி. முதல்முறை கேழ்வரகு மாவைப் பார்த்ததும் விரலில் தொட்டு மோந்து பார்த்து ஏதோ சொன்னாள். அவள் ஊரிலும் இதே தானியம், இதே களி, பெயர்தான் வேறாம். என் கையிலிருந்த துடுப்பை வாங்கி, பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, கட்டி விழாமல் கிண்டி இறக்கினாள். சென்னப்பன் உருண்டையை உடைத்துப் பார்த்தார். கீரைக் கடைசலோடு தின்று முடித்தார். தட்டை மறுபடி நீட்டினார். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த பாராட்டு என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் முடிந்தது. முருகேஷை லாரி முதலாளி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "நான் போயிட்டு வாரா வாரம் வந்துடறேன். கொஞ்ச நாள் நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அதுவரை அப்பாவைத் துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் அவன்தான். மருமகள் தொடக்கூடாது என்று சென்னப்பன் பிடிவாதமாக இருந்தார். அடுத்த வீட்டு மாயவன் சில வாரங்கள் காலையில் வந்து உதவினார். அவரும் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குப் பகல் முழுக்கச் சென்னப்பன் அப்படியே கிடந்தார். தெரு வரைக்கும் நாற்றம். நான் போனபோது அவள் வெந்நீர் வாளியோடு கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"கிட்ட வந்தீன்னா காலை ஒடிச்சிருவேன்" என்று அவர் கத்தினார். கால் விளங்காமல் கிடந்தவர் அவர்தான்.

அவள் அவருடைய மேல்துண்டை எடுத்து அவர் முகத்தில் போட்டாள். பிறகு துடைக்க ஆரம்பித்தாள். துண்டுக்குள்ளிருந்து முதலில் வசவு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறு சத்தம் வந்தது. நான் வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு தினமும் அவரே துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்வார்.

முருகேஷ் முதலில் வாரா வாரம் வந்தான். பிறகு மாதம் ஒருமுறை. தீபாவளிக்கு வரவில்லை. போன் போட்டால் வண்டியில் இருக்கிறேன் என்பான். பிறகு போனையே எடுக்கவில்லை. பொங்கலுக்கு அப்பாவைப் பார்க்க வந்த செல்லி, என் வீட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"பெங்களூர் பக்கம் ஓசக்கோட்டையில ஒருத்தியோட இருக்கறான் அன்பரசி. புள்ள பொறக்கப் போவுதாம். இவகிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் சொல்றது?"

நான்தான் சொன்னேன். பவித்ராவுக்கு அப்போது ஓரளவு தமிழ் வந்திருந்தது. புரியாததுபோல இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரமே பெட்டியை எடுத்துக்கொண்டு பெங்களூர் போனாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் செல்லி கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். பழைய இடத்தில் முருகேஷ் இல்லை. லாரி முதலாளி அவன் ஐதராபாத் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார். அவள் கூட்டிப் பெருக்கிய கட்டடத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஊரிலிருக்கும் தங்கைக்குப் போன் செய்தாள். பூகம்பத்தில் விழுந்த வீட்டை அவர்கள் இன்னும் கட்டவில்லை. அம்மாவும் தங்கை குடும்பமும் ஒரே தகரக் கொட்டகையில் இருந்தார்கள். அண்ணன் மலேசியா போனவன் போனவன்தான். "வா அக்கா" என்றாளாம் தங்கை. கொஞ்சம் பொறுத்து, "எங்க படுப்பே?" என்றும் கேட்டாளாம்.

பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று கண்டக்டர் கூவினார். அவளுக்கு வழி தெரிந்த பஸ் அது ஒன்றுதான். ஏறிவிட்டாள்.

அவள் பெட்டியோடு வாசலில் நுழைந்தபோது நான் சென்னப்பன் வீட்டுக்குள் இருந்தேன். சென்னப்பன் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"எதுக்குத் திரும்பி வந்த?" என்றார். குரல் உடைந்திருந்தது. "போனவ அப்படியே போயித் தொலஞ்சிருக்கலாமில்ல. நாந்தான் கெடக்கறேன். உனுக்கு என்ன வந்துச்சி?"

அவள் பெட்டியை மூலையில் வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. எதுவும் மாறவில்லை என்று சொன்னால் அது உண்மையில்லை. மோசமாகிக்கொண்டே போனது. சென்னப்பனுக்கு முதுகில் படுக்கைப்புண் வந்தது. ஒன்று ஆறினால் இன்னொன்று வரும். அவள் காலையில் நிலக்கடலைக் காட்டில் களை எடுக்கப் போய்விட்டு, மதியம் ஓடிவந்து அவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, மறுபடி ஓடுவாள். நூறு நாள் வேலைக்கு அவளைச் சேர்க்கவில்லை. எந்த அட்டையிலும் அவள் பெயர் இல்லை. கல்யாணத்துக்கும் அத்தாட்சி ஒன்றுமில்லை. அவள் அம்மா இறந்த சேதி நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கும் களை எடுக்கப் போனாள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, எனக்கு அழுவ வரல. என்ன பண்றது?" என்று கேட்டாள்.

தங்கையோடு போனில் பேசுவதும் குறைந்துபோனது. நடுவில் தமிழ் வந்துவிடுகிறதாம். தங்கை "என்ன, என்ன" என்று கேட்கிறாளாம். அவள் சலித்துப்போய் வைத்துவிடுவாள்.

போன ஐப்பசியில் சென்னப்பன் இறந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. கடைசி நாட்களில் அவர் யாரையும் திட்டவில்லை. பேசவே இல்லை.

முருகேஷ் வந்தான். யார் சேதி சொன்னார்களோ, மறுநாள் காலையில் காரில் வந்து இறங்கினான். உடம்பு பெருத்திருந்தது. மொட்டையடித்துக் கொள்ளி வைத்தான். காரியம் முடியும்வரை அவள் பக்கம் திரும்பவில்லை. கிளம்புகிற அன்று பின்கட்டில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனான். நான் அங்கேதான் துணி அலசிக்கொண்டிருந்தேன். இந்தியில் ஏதோ சொன்னான். அவள் நிமிரவில்லை. மறுபடி சொன்னான்.

"தமிழ்ல சொல்லுங்க" என்றாள் அவள். "அது எனக்கு மறந்துபோச்சி."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "தப்புப் பண்ணிட்டேன். நீ இங்கயே இரு. வூட்டப் பாத்துக்க" என்றான்.

"எத்தினி நாளைக்கு?"

அவன் காரில் ஏறிப் போய்விட்டான்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டியிருக்கவில்லை. தை மாதம் அவன் வீட்டை விற்றுவிட்டான். செல்லியின் கணவர் தீர்த்தகிரிதான் ஆள் பார்த்துக் கொடுத்தார். செல்லி வந்து அவளைக் கூப்பிட்டாள்.

"எங்கூட வந்துரு பவித்ரா. கடையில கிளாஸ் கழுவ ஆளில்ல. படுக்க எடம் இருக்குது, சோறு இருக்குது. அக்கா வூடு மாதிரி இரு."

செல்லி நல்லவள்தான். மனதாரத்தான் சொன்னாள். பவித்ரா கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சரிங்க அண்ணி" என்றாள். எங்கள் தெருவை விட்டுப் போனபோது யாரும் வாசலுக்கு வந்து பார்க்கவில்லை.

போன மாதம் தர்மபுரிக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போனவள், திரும்பும்போது அதியமான்கோட்டையில் இறங்கி அவளைப் பார்த்தேன். நல்ல உச்சி வெயில். ரோட்டில் லாரிகள் வடக்கே போவதும் தெற்கே வருவதுமாக இரைச்சல் ஓயவில்லை. அவள் கடைக்குப் பின்னால் தகர நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அங்க தண்ணி வருதாக்கா?"

"வருது, எப்பவும்போல."

"இங்க தெனமும் வருது" என்றாள்.

நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு வடநாட்டு லாரி வந்து நின்றது. அந்த டிரைவருக்கும் அவளுக்கும் முகச்சாயல் கொஞ்சம் ஒன்றுபோல இருந்தது. அவன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அவள் பாஷையாகத்தான் இருக்க வேண்டும், வேகமாக ஏதோ கேட்டான்.

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். "தெரியலைங்க. கடையில கேளுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, அடுத்த கிளாஸை வாளிக்குள் முக்கினாள்.

அவன் டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸைத் திட்டில் வைத்துவிட்டுப் போனான். என் பஸ் வந்துவிட்டது. வருகிறேன் என்று சொன்னேன். சரிங்கக்கா என்றாள், தலையைத் தூக்காமல்.