மூச்சு விடாமல் பதிந்த பிரியாணி

என் மனைவி பிரியாணி செய்து காட்டிய நிகழ்ச்சியை எங்கள் சேலையூர் கேபிள் டிவியில் ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். அதைப் பிடித்துவைக்கத்தான் கம்ப்யூட்டரில் டிவி டியூனர் கார்டு மாட்டினேன். மென்பொருள் முழுக்க ஆங்கிலம். படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. திரையில் இருந்த பொத்தானையெல்லாம் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். திடீரென்று வண்ணம் வந்துவிட்டது.

நிகழ்ச்சி தொடங்கியதும் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். டேப்ரிக்கார்டரை டிவி முன்னால் வைத்துப் பாட்டுப் பதிந்த பழக்கத்தில், வேறு சத்தம் பதிந்துவிடாமலிருக்க ஃபேனை நிறுத்திவிட்டு வாயில் விரல் வைத்தேன்.

வியர்வை வழிய, பக்கத்தில் இருந்த மனைவி கிசுகிசுத்தாள்: “ஏங்க, மூச்சாவது வுட்டுக்கலாமா?”

பிறகு போட்டுப் பார்த்தோம். அவள் கிசுகிசுத்தது அதில் இல்லவே இல்லை. எங்கள் அறைச் சத்தம் எதையும் கேட்காமல், கேபிள் கம்பி வழியாக வந்தவளை மட்டும் அந்தப் பெட்டி எடுத்துவைத்திருந்தது.

“இன்னொரு தபா போடுங்க,” என்றாள்.

ஃபேனைப் போட மறந்து மறுபடியும் பார்த்தோம்.